கிட்டாரின் முதுகில் ஒரு பை

என் நாத்தனாரை வீட்டிலும் வெளியிலும் ஸ்பிரிங் என்றுதான் கூப்பிடுவார்கள். என் கணவருக்கு ஒரே தங்கை. சின்ன வயதிலிருந்தே ஓரிடத்தில் உட்கார மாட்டாளாம். அதனால் அவர் வைத்த பெயர் அது. இப்போதும் நின்றுகொண்டுதான் சாப்பிடுவாள், நின்றுகொண்டுதான் டீ குடிப்பாள், நாலு பேர் வந்து உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தால் இவள் மட்டும் கதவு நிலையில் சாய்ந்துகொண்டு காலை மாற்றி மாற்றி ஊன்றிக்கொண்டிருப்பாள். ஏன் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை என்று யாராவது கேட்டுவிட்டால், "வர்றவன் மொதல்ல உக்காருன்னு சொல்லுவான். நமக்கு அது ஒத்து வராது" என்று சொல்லிச் சிரித்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவாள்.

அவள் அசையாமல் உட்காருவது கிட்டாரை மடியில் வைத்துக்கொள்ளும்போது மட்டும்தான்.

நாத்தனார் என்றால் ஆளாளுக்கு ஒரு கதை வைத்திருப்பார்கள். தையல் வேலை கொண்டு வருகிற பெண்கள் என்னிடம் சொல்லாத கதை இல்லை. எனக்குச் சொல்வதற்கு அப்படி ஒன்றும் கிடையாது. கடவுள் எனக்குக் கொடுத்த நாத்தனாரைப் பற்றி நல்லதாகத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. கேட்பவர்களுக்குச் சப்பென்று இருந்தால் நான் என்ன செய்ய முடியும்?

அவளுக்கு வேலை, ஆஸ்பத்திரிகளுக்குத் துணி துவைத்துக் கொடுக்கும் ஒரு பெரிய சலவைக்கூடத்தில். ஈர விரிப்பை இரண்டு பேர் ஆளுக்கு ஒரு முனையாகப் பிடித்து உதறி, சூடான உருளைக்குள் ஊட்டிவிட வேண்டும். அந்தப் பக்கம் அது காய்ந்து, சுருக்கமில்லாமல் வந்து விழும். ஒருநாள் விரிப்பின் ஓரம் மடங்கிக்கொண்டது. மடிப்போடு போனால் நோயாளியின் முதுகில் அழுத்துமே என்று இவள் கையை நீட்டி இழுத்துவிட்டாள். இடது கையின் நடுவிரலும் மோதிர விரலும் உருளையோரம் மாட்டிக்கொண்டன. எதிரில் நின்ற தோழி பாய்ந்து சிவப்புப் பொத்தானை அடித்ததால் விரல்கள் மிஞ்சின. அந்தத் தோழிக்காக நான் இன்றைக்கும் பிரார்த்தனை செய்கிறேன்.

ஆனால் இரண்டு விரல்களும் நுனியில் விறைத்துப் போய்விட்டன. "விரல் இருக்கு, வளையாது. அவ்வளவுதானே அண்ணி" என்றாள் என்னிடம். அப்போது கிட்டாரைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

அந்தக் கிட்டாரை அவள் அதற்கு முன்பே வாங்கியிருந்தாள். பேர் தெரியாத கம்பெனியின் எலக்ட்ரிக் கிட்டார். கடையில் கடைசியாகத் தொங்கிக்கொண்டிருந்தது. நீல நிறம். ஒரு மூலையில் பெயிண்ட் உதிர்ந்திருந்ததால் யாரும் எடுக்கவில்லை போல. என் கணவர் வீடுகளுக்கு வர்ணம் பூசுகிறவர். தங்கை ஆசையாக வாங்கி வந்ததைப் பார்த்துவிட்டு, கையிலிருந்த மிச்ச பெயிண்டை எடுத்து அந்த மூலையில் பூசிவிட்டார். இன்றைக்கும் எங்கள் குளியலறைக் கதவும் அந்தக் கிட்டாரின் மூலையும் ஒரே நிறம்தான்.

கிட்டாரில் ஒரு சுரம் சும்மா நேராக ஒலித்தால் அது மரம் மாதிரி நிற்கும். மனுஷக் குரல் போலக் குழைய வேண்டுமென்றால், தந்தியை அழுத்தியிருக்கிற விரலை நுனியில் லேசாக ஆட்ட வேண்டும். ஸ்பிரிங்குக்கு அது போய்விட்டது. அழுத்த முடியும், ஆட்ட முடியாது. ஆனால் அந்த மாதிரிக் கிட்டாரில் வலது கைப் பக்கம் ஒரு மெல்லிய இரும்புக் கம்பி நீட்டிக்கொண்டிருக்கும். கடைக்காரர்கள் அதை ட்ரெமலோ என்கிறார்கள். இவள் 'ஆட்டுக்கம்பி' என்பாள். தந்திகளெல்லாம் ஒரு உலோகத் தகட்டின் மேல் வந்து உட்காருகின்றன. அதற்கு பிரிட்ஜ் என்று பேர். ஆட்டுக்கம்பியை அழுத்தினால் அந்தத் தகடு முன்பக்கம் சாயும், தந்திகள் தளரும், சுரம் இறங்கும். விட்டால் கிட்டாரின் முதுகுக்குள் இருக்கும் ஸ்பிரிங்குகள் தகட்டைப் பழைய இடத்துக்கே இழுத்துவிடும். இடது விரல் செய்ய முடியாததை வலது கை செய்துகொள்ளலாம் என்று அவளே கண்டுபிடித்தாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

பிறகு என் ஆபரேஷன் வந்தது. வீட்டுக்கு வந்தும் எழுந்து நடக்கத் தெம்பில்லை. பிரார்த்தனை சொல்லக்கூட நாக்கு எழவில்லை, மனசு வெறும் பாத்திரம் மாதிரி கிடந்தது. சலவைக்கூடத்துக்குப் பக்கத்தில் தனி அறை எடுத்திருந்த ஸ்பிரிங், ஒரு பையும் கிட்டாருமாக வந்து நின்றாள்.

"அண்ணி தேறுற வரைக்கும்தான்" என்றாள்.

இன்றைக்கும் எங்களோடுதான் இருக்கிறாள். யாரும் அவளைப் போகச் சொல்லப் போவதில்லை.

சமைப்பாள், என்னைத் துடைத்துவிடுவாள், தலை வாரிவிடுவாள், துணி அலசுவாள். எல்லாம் முடிந்ததும் என் கட்டில் ஓரம் வந்து உட்காருவாள். ஸ்பீக்கரில் செருகாத எலக்ட்ரிக் கிட்டாருக்குச் சத்தமே கிடையாது. பக்கத்தில் இருக்கிறவருக்கு மட்டும், காதோடு காதாக யாரோ பேசுகிற மாதிரிக் கேட்கும். அடுத்த அறையில் என் கணவர் குறட்டை விட்டால் அதுவும் கேட்காது. நாங்கள் பிரார்த்தனைக் கூடத்தில் பாடுகிற பாட்டுகளை ஒவ்வொன்றாக வாசிப்பாள். ஒவ்வொரு அடியின் கடைசியிலும் ஆட்டுக்கம்பியைத் தொடுவாள். சுரம் கொஞ்சம் தாழ்ந்து, நடுங்கி, எழுந்துகொள்ளும். என்னால் சொல்ல முடியாமல் கிடந்த பிரார்த்தனையை அது எனக்குப் பதிலாகச் சொல்லிக்கொண்டிருந்தது. என் மருந்துச் சீட்டில் இல்லாத மருந்து அது.

எழுந்துகொள்ளும் சுரம் தாழ்ந்த இடத்திலிருந்து பழைய இடத்துக்குச் சரியாகப் போய்ச் சேரவில்லை என்பது அப்போது எனக்குத் தெரியாது. அதுவும் பாட்டில் சேர்த்திதான் என்று நினைத்துக்கொண்டேன்.

பாட்டு மாஸ்டருக்குத் தெரிந்துவிட்டது.

எங்கள் பிரார்த்தனைக் கூடத்தில் பாடுகிறவர்களை நடத்துகிறவர் அவர். நல்ல மனுஷர், ஆனால் காது ரொம்பக் கூர்மை. வாரவாரம் கூட்டத்தோடு சேர்ந்து வாசிக்கும்போது ஸ்பிரிங்கின் கிட்டார் மற்ற சத்தத்தில் மறைந்துவிடும். ஒரு வாரம் பாட்டின் நடுவில் அவள் மட்டும் வாசிக்க வேண்டியிருந்தது. முதல் அடி அழகாகப் போயிற்று. இரண்டாவது அடியில் ஆட்டுக்கம்பியைத் தொட்டாள், சுரம் இறங்கியது, ஏறவில்லை. பாதிப் படியில் நின்றுவிட்டது. பாடுகிறவர்கள் சேர்ந்துகொண்டபோது அவர்கள் ஒரு சுருதி, இவள் ஒரு சுருதி. முன்வரிசையில் யாரோ சிரிப்பை இருமி மறைத்தார்கள்.

முடிந்ததும் பாட்டு மாஸ்டர் எங்களிடம் வந்தார். "தப்பா நினைக்காதீங்கம்மா. கூடத்துக்குப் புதுக் கூரை போட்டு முடியப் போகுது. கூரைக்குக் கீழ நடக்கிற முதல் வழிபாட்டுல அந்த நன்றிப் பாட்டு இருக்கு. நடுவுல தனியா வாசிக்கிற இடத்தைக் கீபோர்டுக்குக் கொடுத்துடலாம்னு பாக்கிறேன்."

"கீபோர்டு அழாது சார்" என்றாள் ஸ்பிரிங்.

"அழ வேண்டாம். சுருதில நின்னா போதும்."

அவள் காலை மாற்றி ஊன்றினாள். "ஒத்திகை வரைக்கும் டைம் குடுங்க. அன்னைக்கு நிக்கலேன்னா நானே கிட்டாரைத் தூக்கிட்டு இறங்கிடறேன். அப்புறம் கேக்கவே மாட்டேன்."

"கேக்கவே மாட்டேன்னா?"

"தனியா வாசிக்கிறதை. எப்பவுமே."

நான் அவள் கையைப் பிடித்து அமுக்கினேன். சொன்னது சொன்னதுதான். அவள் பேச்சு மாறுகிறவள் இல்லை, அதுதான் எனக்குப் பயம். விறைத்த விரலோடு அவளுக்கென்று மிஞ்சியிருந்த ஒரே குரல் அது.

மறுநாள் வேலை முடிந்து வருகிற வழியில் கிட்டார் கடைக்குப் போயிருக்கிறாள். கடைக்காரர் கேட்டுவிட்டு, "அந்த ஆட்டுக்கம்பியைக் கழட்டி எறிங்க, பின்னாடி ஒரு மரக்கட்டையைச் செருகி பிரிட்ஜ் அசையாம அடைச்சிடலாம். சுருதி கல்லு மாதிரி நிக்கும்" என்றாராம். பத்தில் ஒன்பது பேருக்கு அதுதான் சரியான வழி. இவள் இரண்டு விரல்களையும் அவர் முன்னால் நீட்டிக் காட்டினாளாம்.

"அப்போ நல்ல பிரிட்ஜ்தான் போடணும்" என்று சொன்னாராம். "உங்களோடது கலப்பு உலோகம்மா. தகடு திருகுமேல சாயுதே, அந்த ஓரம் கூர்மையா இருக்கணும். மழுங்கிப் போச்சு. கதவுக் கீல் தேஞ்சா கதவு சரியா மூடாதுல்ல, அதேதான். ஸ்டீல்ல வருது, அடியில கனமான கட்டையோட. திரும்பி வரும், சத்தமும் நின்னு ஒலிக்கும். கிட்டாரை எடுத்துட்டு வரலையா? சரி, வீட்டுல அளந்து போன்ல சொல்லுங்க. ஆறு திருகு ஓட்டைக்கும் நடுவுல எவ்வளவு, உடம்போட கனம் எவ்வளவு."

அவள் வீட்டுக்கு வந்தபோது நான் பிரார்த்தனைக் கூடத்தில் ஜன்னல் துடைக்கப் போயிருந்தேன். என் தையல் மெஷின் மேல் டேப் கிடந்தது. எடுத்து அளந்தாள், போனில் சொன்னாள், வேலை முடிந்தது.

என் வேலையைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். யூனிபார்ம் கோட்டு தைக்கிற ஒரு பட்டறைக்கு நான் வீட்டிலிருந்தே பை தைத்துக் கொடுக்கிறேன். மேல்பை, பக்கப்பை, உள்பை, மூடி வைத்த பை. முழுக் கோட்டையும் நான் தைப்பதில்லை, பை மட்டும்தான். "ஊர்ல இருக்கிற அத்தனை பேர் பையிலயும் என் பொண்டாட்டி கைதான்" என்று என் கணவர் புதிதாக வருகிறவர்களிடம் சொல்லி அவர்கள் முகத்தைப் பார்ப்பார். அதில் அவருக்கு ஒரு சந்தோஷம்.

என் டேப்பின் நுனியில் இருந்த தகரம் எப்போதோ கழன்று போனது. நுனி பிரிந்து பிரிந்து வந்ததால் கால் அங்குலம் நறுக்கிவிட்டேன். எனக்கு அது ஒரு பொருட்டே இல்லை. நான் எதையும் நுனியிலிருந்து அளப்பதில்லை, ஒன்று என்று போட்டிருக்கிற இடத்திலிருந்து பிடித்து, கடைசியில் ஒன்றைக் கழித்துவிடுவேன். கை தானாகச் செய்துவிடும். வீட்டில் வேறு யாரும் டேப்பைத் தொடுவதில்லை என்பதால் இதை யாரிடமும் சொன்னதும் இல்லை.

புது பிரிட்ஜ் வந்த சாயங்காலம் எங்கள் சாப்பாட்டு மேசை ஆபரேஷன் மேசை மாதிரி ஆகிவிட்டது. பழைய துண்டை விரித்து, கிட்டாரைக் கிடத்தி, தந்திகளைத் தளர்த்தி உருவினாள். முதுகுப் பக்கம் இருந்த பிளாஸ்டிக் மூடியைத் திருகு கழற்றி எடுத்தாள். உள்ளே ஒரு குழி, குழிக்குள் ஸ்பிரிங்குகள். ஒவ்வொன்றாகக் கொக்கியை விடுவித்தாள். பழைய பிரிட்ஜ் கையோடு வந்துவிட்டது. இரண்டையும் என் இரு உள்ளங்கைகளிலும் வைத்தாள். பழையது பொம்மைச் சாமான் மாதிரி இருந்தது. புதியது கையை இழுத்தது.

என் கணவர் வாங்கிப் பார்த்தார். "இது வீட்டுல இருந்தா பூட்டே வேண்டாம். கதவுக்கு முட்டுக் கொடுத்துட்டுத் தூங்கலாம்."

"அண்ணா, பெயிண்ட் கையால தொடாதே."

"நான் தொட்ட மூலைதான் உன் கிட்டாருல அழகா இருக்கிற ஒரே இடம்."

ஆறு திருகுகளும் ஆறு ஓட்டைகளில் கச்சிதமாக இறங்கின. ஸ்பிரிங் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள். நான் மனசுக்குள் நன்றி சொன்னேன். திருப்பிப் போட்டு, ஸ்பிரிங்குகளை மாட்டி, பிளாஸ்டிக் மூடியை வைத்தாள்.

மூடி உட்காரவில்லை.

அழுத்திப் பார்த்தாள். ஒரு பக்கம் அமுங்கினால் மறுபக்கம் தூக்கியது. எடுத்துவிட்டுக் குனிந்து பார்த்தோம். ஸ்டீல் கட்டையின் அடி, கிட்டாரின் முதுகைத் தாண்டி வெளியே நின்றது. ரொம்ப இல்லை, ஒரு சட்டைப் பொத்தானின் கனம் இருக்கும்.

"அளந்துதானே சொன்னேன்" என்றாள். குரல் சுருங்கிவிட்டது. "ஒண்ணே முக்கால் அங்குலம். நல்லா ஞாபகம் இருக்கு."

"எதுல அளந்தே?"

"உங்க டேப்புலதான் அண்ணி."

"நுனியை ஓரத்துல வெச்சா?"

"பின்ன வேற எங்க வைப்பாங்க?"

நான் போய் டேப்பை எடுத்து வந்து நுனியைக் காட்டினேன். அவள் பார்த்தாள், அவர் பார்த்தார். கால் அங்குலம் எங்கே என்று மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். திருகு ஓட்டைகளை டேப்பின் நடுப்பாகத்தில் வைத்து அளந்திருக்கிறாள், அதனால் அவை சரியாக இருந்தன. கனத்தை நுனியிலிருந்து அளந்திருக்கிறாள். கிட்டார் ஒன்றரை அங்குலம்தான்.

"இத்தனை வருஷம் இந்த டேப்புல எனக்குச் சட்டை தெச்சிருக்கே" என்றார் என் கணவர். "அதான் எனக்கு மூச்சு முட்டுது."

"உங்களுக்கு மூச்சு முட்டுறது டேப்பால இல்ல, வயித்தால" என்றேன். ஸ்பிரிங் சிரித்துவிட்டாள். ஆனால் கண் கலங்கியிருந்தது.

கடைக்காரருக்குப் போன் போட்டாள். அவர் வருத்தப்பட்டார். திருகு பட்ட பொருளைத் திருப்பி எடுக்க முடியாது என்றார். குட்டையான கட்டையை வரவழைக்கலாம், ஆனால் ஒத்திகைக்குள் வராது. அறுத்துவிடலாமா என்றாள். "அறுக்கக் கூடாதும்மா. ஸ்பிரிங் மாட்டுற ஓட்டையே அந்த அடியிலதான் இருக்கு. அறுத்தா அதுவும் சேர்ந்து போயிடும். மூடி இல்லாமலே வாசிங்களேன், நெறைய பேர் அப்படித்தான் வாசிக்கிறாங்க."

புதுத் தந்தி மாட்டி வாசித்துப் பார்த்தாள். அவளோ கிட்டாரை வயிற்றோடு அணைத்து வாசிக்கிறவள். ஆட்டுக்கம்பியை அழுத்தும்போது அடியில் அந்தக் கட்டை நகர்ந்து அவள் வயிற்றில் உரசிக்கொண்டு நின்றது. விட்டால் திரும்பவில்லை. இன்னொரு தடவை சட்டையின் துணி ஸ்பிரிங்கில் சிக்கிக்கொண்டது. மூச்சை உள்ளே இழுத்தால் ஒரு சுருதி, வெளியே விட்டால் ஒரு சுருதி.

"மூச்சை அடக்கிட்டு வாசி. பாட்டு முடிஞ்சதும் மொத்தமா விட்டுக்கலாம்" என்றார் அண்ணன்.

இந்தத் தடவை அவள் சிரிக்கவில்லை. கிட்டாரைத் துண்டின் மேல் வைத்துவிட்டு எழுந்து போய்ப் பாத்திரம் தேய்க்க ஆரம்பித்தாள். தேய்த்ததையே தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் மேசையில் உட்கார்ந்து அந்த முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் கட்டிலோரம் அவள் உட்கார்ந்திருந்தது நினைவுக்கு வந்தது. ஆண்டவனே, இவளுக்காக என் கையால் ஆகிற ஒன்றைக் காட்டு என்று கேட்டேன். வேறு எதுவும் கேட்கவில்லை.

பார்க்கப் பார்க்க, அது எனக்குக் கிட்டாராகத் தெரியவில்லை. உள்ளே கனமான சாமான் வைக்க வேண்டிய ஒரு கோட்டாகத் தெரிந்தது. கோட்டின் வெளியே தட்டையாக ஒட்டிய பையில் பெரிய சாவிக்கொத்து போட்டால் அது உப்பிக்கொண்டு உடம்பில் குத்தும். அதனால் சாவிக்கொத்து வைத்திருக்கிற காவலாளிகளின் கோட்டுக்கு நாங்கள் பெட்டிப் பை வைப்போம். பையின் முகத்துக்கும் கோட்டுக்கும் நடுவில் சுற்றிலும் ஒரு பக்கப்பட்டை கொடுத்துத் தைப்பது. பை பெட்டி மாதிரி எழும்பி நிற்கும், உள்ளே இருப்பது உள்ளேயே அசையும், உடம்பைத் தொடாது.

"ஏம்மா, இங்க வா" என்று கூப்பிட்டேன். "கையைக் கழுவிட்டு வா."

பழைய கைப்பெட்டி ஒன்றிலிருந்து பிரித்து வைத்திருந்த கனமான ரெக்சின் இருந்தது. பிளாஸ்டிக் மூடியை அதன் மேல் வைத்து வரைந்தேன். கட்டை வெளியே நிற்கிற உயரத்தை இந்தத் தடவை ஸ்பிரிங் அளந்தாள், 'ஒன்று' என்ற இடத்திலிருந்து பிடித்து, வாய்விட்டு ஒன்றைக் கழித்து. பக்கப்பட்டை வெட்டி, சுற்றிலும் வைத்துத் தைத்து, பிளாஸ்டிக் மூடியில் திருகு இருந்த இடங்களிலேயே இதற்கும் ஓட்டை போட்டு முடுக்கினோம். பார்க்க அழகாகத்தான் இருந்தது. மடியில் வைத்து அணைத்ததும் நடுவில் குழிந்து கட்டையைத் தொட்டுவிட்டது.

முதல் பை போயிற்று. பிரித்தேன்.

இரண்டாவதில், கோட்டுக் காலருக்கு உள்ளே வைக்கிற விறைப்பான கேன்வாஸை எடுத்தேன். அதை மூன்று மடிப்பாக ஒட்டி, நெருக்கமாகக் குறுக்கும் நெடுக்கும் தையல் ஓட்டினேன். பலகை மாதிரி ஆகிவிட்டது. மெஷின் ஊசி ஒன்று முறிந்தது, முறியட்டும். பக்கப்பட்டைக்குள் கெட்டியான கயிறு வைத்துத் தைத்தேன். அப்போது ஸ்பிரிங்குக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"அண்ணி, தந்தி அறுந்தா புதுசு இந்தப் பக்கமாத்தான் உள்ள விடணும். ஒவ்வொரு தடவையும் எல்லாத் திருகையும் கழட்டணுமா?"

மூடி வைத்த பை தைக்கிறவளிடமா இந்தக் கேள்வி? ஒரு சின்ன வாய் விட்டு, அதற்கு மூடி தைத்து, பிரஸ் பட்டன் வைத்தேன். பட்டனைத் திறந்தால் தந்தியை விடலாம், மூடினால் ஒன்றும் தெரியாது.

முடுக்கி, அணைத்து, ஆட்டுக்கம்பியை அழுத்தினாள். உள்ளே கட்டை தன் வீட்டில் தானாக அசைந்தது. விட்டாள். திரும்பியது.

"கிட்டாருக்குப் பை வெச்சுட்டீங்க அண்ணி!"

"கைக்குட்டை வெச்சுக்கலாம்" என்றார் என் கணவர். "வாசிக்கிறப்ப அழுகை வந்தா உதவும்."

இன்னும் கொஞ்சம் வேலை பாக்கி இருந்தது. புதுத் தந்தி நீளும், அதனால் கையால் மெல்ல மெல்ல இழுத்து இழுத்துச் சுருதி கூட்ட வேண்டும். கழுத்தின் தலைப்பக்கம் தந்தி போகிற பள்ளங்களில் அது ஒட்டிக்கொண்டால் அங்கேயும் திரும்பி வராதாம். பென்சில் கரியைத் தடவச் சொல்லியிருந்தார் கடைக்காரர். என் கணவர் தன் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்துக் கொடுத்துவிட்டு, "இதுக்கும் என் பங்கு உண்டு" என்றார். முதுகுப் பக்கம் ஸ்பிரிங்குகளைப் பிடித்திருக்கும் இரண்டு திருகுகளை இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று திருப்பி, தகட்டைச் சமமாக நிறுத்த அவளுக்குத்தான் பொறுமை வேண்டியிருந்தது. உட்காராத ஸ்பிரிங் அந்த வாரம் முழுக்க உட்கார்ந்தாள்.

ஒத்திகையில் பாட்டு மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முதல் அடி, இரண்டாவது அடி, மூன்றாவது. அவள் வேண்டுமென்றே ஆட்டுக்கம்பியை ஆழமாக அமுக்கினாள், பாதாளத்துக்குப் போகிற மாதிரி. நான் நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். விட்டாள். சுரம் எழுந்து, கீபோர்டு வாசிக்கிற அம்மா அழுத்தி வைத்திருந்த சுரத்தோடு போய் அப்படியே சேர்ந்துகொண்டது.

மாஸ்டர் கண்ணைத் திறந்தார். "இன்னொரு தடவை" என்றார்.

இன்னொரு தடவையும் சேர்ந்தது.

"சரி" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த பாட்டுக்குப் போய்விட்டார். அவர் வாயிலிருந்து வருகிற 'சரி'க்கு அங்கே பெரிய மதிப்பு.

புதுக் கூரைக்குக் கீழே முதல் வழிபாடு நடந்தது. பழைய கூரையில் மழைக்கு ஒழுகிய இடத்தில் நாங்கள் வைக்கிற வாளியைக்கூட யாரோ பழக்கதோஷத்தில் எடுத்து வந்து வைத்திருந்தார்கள். நன்றிப் பாட்டில் எல்லோரும் பாடி நிறுத்த, ஸ்பிரிங் தனியாகத் தொடங்கினாள். இந்தத் தடவை ஸ்பீக்கரில் செருகியிருந்தது. என் கட்டிலோரத்தில் எனக்கு மட்டும் கேட்டது இப்போது கூடம் முழுவதற்கும் கேட்டது. அடியின் கடைசியில் சுரம் தாழ்ந்தது, நடுங்கியது, தாழ்ந்த இடத்திலிருந்து எழுந்து தன் இடத்துக்கே வந்து நின்றது. நான் படுத்துக் கிடந்த நாளெல்லாம் எனக்கு ஞாபகம் வந்தது. என்னையும் இப்படித்தான் திரும்பக் கொண்டுவந்து நிறுத்தினாய் என்று ஆண்டவனிடம் சொன்னேன். பக்கத்தில் என் கணவர் மூக்கை உறிஞ்சினார். கைக்குட்டை கொண்டு வரவில்லை.

அவள் முடித்ததும் பாட்டு மாஸ்டர் கையைத் தூக்கி எல்லோரையும் சேர்க்க வேண்டும். தூக்கவில்லை. ஒரு விரலால் காற்றில் வட்டம் போட்டார். இன்னொரு தடவை என்று அர்த்தம். ஸ்பிரிங் தலையை ஆட்டிவிட்டு மறுபடியும் முதலிலிருந்து வாசித்தாள்.

கூட்டம் கலைந்த பிறகு அவர் கிட்டாரைக் கையில் வாங்கி, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். முதுகில் இருந்ததைத் தடவினார். பட்டனைத் திறந்தார், மூடினார்.

"இது எந்தக் கம்பெனி?"

"அண்ணி கம்பெனி சார்."

அவர் என்னைப் பார்த்தார். "உள்ள கொஞ்சம் இடம் வேணும்னு இருந்துச்சு சார்" என்றேன்.

"தனியா வாசிக்கிற இடம் இனிமே உங்களுக்குத்தான்மா" என்று ஸ்பிரிங்கிடம் சொல்லிவிட்டுக் கிட்டாரை இரு கைகளாலும் திருப்பிக் கொடுத்தார்.

அதற்குப் பிறகு ஸ்பிரிங் எனக்கு ஒரு புது டேப் வாங்கிக் கொடுத்தாள். நுனியில் தகரம் பளபளவென்று இருக்கிறது. எனக்கு அதில் கணக்கு வரவில்லை. கை பழக்கத்தில் ஒன்றைக் கழித்துவிடுகிறது. இரண்டு பைகள் சிறிதாகப் போனதும் பழையதையே எடுத்துக்கொண்டேன். அவள் அதன் நுனியில் சிவப்பு நூலால் ஒரு முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறாள், வேறு யாரும் தெரியாமல் எடுத்துவிடக் கூடாதென்று. புதியதை என் கணவர் சுவர் அளக்க எடுத்துக்கொண்டார்.

வேலை முடிந்து வந்ததும் அவள் மெஷினுக்கு எதிரே உட்கார்ந்து, ஸ்பீக்கரில் செருகாமல் வாசிப்பாள். மெஷின் ஓடினால் அது கேட்காது. அதனால் நான் மிதியிலிருந்து காலை எடுத்துவிடுகிறேன். பட்டறைக்குப் பைகள் கொஞ்சம் தாமதமாகத்தான் போகின்றன. அவர்கள் கேட்டால் ஏதாவது சொல்லிக்கொள்ளலாம்.